பிட்டு ஆவியும் வடக்குச் சுவரும்

எங்கள் படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் பிடித்ததற்கு என் பிட்டுதான் காரணம் என்று வீட்டுக்காரி என் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் பேசியது ஜெர்மன். நான் அந்த மொழியைப் படிக்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. ஆனாலும் ஒருவர் எங்களைக் குறை சொல்லும்போது எந்த மொழியும் சட்டென்று விளங்கிவிடுகிறது. எந்த நேரமும் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறீர்கள், அந்த ஆவிதான் என் சுவரைத் தின்கிறது என்றார். குளிர்காலம் முடிவதற்குள் சுவர் காய்ந்து சுத்தமாக வேண்டும், இல்லையென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். என் கணவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவரிலும் கோபம், அவரில்தான் கூடக் கோபம்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வுப்பர்டாலில் மலைச்சரிவில் இருந்த ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. கீழே வீட்டுக்காரி தனியாக இருந்தார், கணவரை இழந்தவர். மேலே நாங்கள் இருவரும், தவழத் தொடங்காத எங்கள் மகளும். குசினி யன்னலால் பார்த்தால் பள்ளத்தில் ஆறும், ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் ரயிலும் தெரியும்.

அந்த வீட்டுக்கு முன்னர் அகதிகளுக்கான விடுதியில் இருந்தோம். அங்கே சூடு எங்கள் கையில் இல்லை. யாரோ ஒருவர் எங்கோ ஒரு திருகைத் திருப்புவார். ஒரு நாள் வேர்த்து ஒழுகும், இன்னொரு நாள் தொப்பியோடு படுப்போம். அதனால் இந்த வீட்டுக்கு வந்தவுடன் நான் செய்த முதல் வேலை, அறை அறையாகப் போய் ஹைட்சுங் என்ற சூடாக்கியின் திருகைத் திருப்பிப் பார்த்ததுதான். சுவரோரம் நின்ற அந்த இரும்புச் சட்டம் என் கைக்குக் கீழே மெல்லச் சூடேறியபோது எனக்கு அழுகை வந்தது. அது என் வீடு என்று எனக்குச் சொன்னது வீட்டுக்காரி கையில் தந்த திறப்பு அல்ல, அந்தச் சூடுதான்.

அந்த வீடு கிடைத்ததும் இலேசில் அல்ல. பத்திரிகையில் விளம்பரம் பார்த்து ரெலிபோன் எடுப்பார் என் கணவர். அவர் இரண்டு வசனம் பேசி முடிப்பதற்குள் வீடு போய்விட்டது என்பார்கள். வேலைத்தலத்து ஜெர்மன்காரரைக் கொண்டு அதே இலக்கத்துக்கு எடுப்பித்தால் வீடு திரும்ப வந்து நிற்கும். இந்த வீட்டுக்காரி மட்டும்தான் வந்து பாருங்கள் என்றார். அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. ஆனால் நன்றி வேறு, வாயைப் பொத்திக்கொண்டிருப்பது வேறு.

குடிவந்து சில நாட்களிலேயே அவர் படியேறி வந்து ஒரு விஷயம் சொன்னார். முன்வீட்டுக்காரர்கள் சமையல் மணத்தைப் பற்றிக் கதைக்கிறார்களாம், சமைக்கும்போது யன்னலைச் சாத்தி வையுங்கள் என்றார். நாங்கள் சாத்தினோம். அதில் எங்களுக்குப் புதுமையும் இல்லை. அந்தக் காலத்தில் அங்கே இருந்த எங்கள் ஊர்ச்சனம் எல்லாரும் மணத்துக்குப் பயந்துதான் வாழ்ந்தோம். இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு அக்கா, எனக்கு இந்த நகரத்தில் எல்லாம் சொல்லித் தருபவர், மீன் பொரிப்பதென்றால் ஞாயிறு பின்னேரம் வெள்ளைக்காரர் எல்லாம் நடக்கப் போகும் நேரம் பார்த்துப் பொரி என்பார். வெளியில் போடும் ஜாக்கெட்டைக் குசினிப் பக்கம் கொண்டு போகாதே என்பார். என் கணவர் அதற்கும் மேலே போனார். வேலையால் வந்தவுடன் ஜாக்கெட்டைக் கழற்றி ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு, வாசல் கதவுக்குப் பின்னால் தொங்கவிடுவார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் மூக்கைச் சுளிக்கக்கூடாது. அதுதான் அவருடைய பெரிய கவலை. நான் தாளித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பை தொங்குவதைப் பார்த்தால் எனக்கு ஏனோ நெஞ்சு எரியும்.

பிறகு வந்தது முதல் வருடக் கணக்கு. சூட்டுக்கு நாங்கள் மாதாமாதம் கட்டியது போதாது, இன்னும் கட்ட வேண்டும் என்று வந்தது. என் கணவர் அன்றே வீடு முழுக்கச் சுற்றித் திருகுகளை மூடினார். படுக்கிற அறைக்கு எதற்குச் சூடு, போர்வை எதற்கு இருக்கிறது என்பது அவருடைய கேள்வி. மகளின் தொட்டில் நிற்கும் அறை அது. நான் சண்டை போட்டேன். சண்டையின் முடிவில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று எங்களைப் போல் கெட்டிக்காரர் உலகத்திலேயே இல்லை என்று நினைத்தோம்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு பிட்டு அல்லது இடியப்பம். எதுவானாலும் ஆவியில் அவிய வேண்டும். பானையில் தண்ணீர் கொதித்து, பிட்டு அவிக்கும் ஓலைக் கூம்பான நீத்துப்பெட்டியின் மேலால் ஆவி பொங்கிக்கொண்டு வரும். இந்த ஆவி குசினியில் வீணாக நிற்கிறதே, இதைப் படுக்கையறைக்கு அனுப்பினால் என்ன? குசினிக் கதவும் படுக்கையறைக் கதவும் எதிரெதிரே இருந்தன. இரண்டையும் அகலத் திறந்து வைத்தோம். ஆவி வெளியே போகாமல் இருக்க யன்னல் விளிம்பெல்லாம் ஒட்டுநாடா ஒட்டினோம். மணமும் வெளியே போகாது, சூடும் வெளியே போகாது. ஊரில் கூரைக்கும் சுவருக்கும் இடையில் காற்று தன்பாட்டில் வந்து போகும் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, அடைத்து வைத்த வீட்டைப் பற்றி என்ன தெரியும்? பிட்டு அவிந்து இறங்கும்போது படுக்கையறைக்குள் போனால் முகத்தில் இளஞ்சூடு படும். காசில்லாத சூடு என்று என் கணவர் கையைத் தேய்த்துக்கொள்வார். அக்காவுக்கும் சொன்னோம். அவரும் தன் வீட்டில் அப்படியே செய்தார்.

மார்கழி பிறந்தபோது அலுமாரிக்குப் பின்னால் ஒரு புழுங்கல் மணம் வந்தது. அலுமாரியைத் தள்ளிப் பார்த்தேன். வடக்குச் சுவர் கரிப்பானையின் அடிப்பக்கம்போல் இருந்தது. யன்னலுக்கு மேலே ஒரு மூலையில் தொடங்கி, தொட்டிலின் தலைமாடு வரைக்கும் இறங்கியிருந்தது. தொட்டேன். சுவர் நனைந்திருந்தது. தொட்டிலை இழுத்துக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

மறைக்கலாம் என்று என் கணவர் சொன்னார். நான் மறைக்கவில்லை, வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குக் கிடைத்த பரிசுதான் நான் தொடக்கத்தில் சொன்ன பேச்சு.

அவர் கீழே இறங்கிப் போன பிறகு என் கணவர் கதிரையில் இருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இஞ்சை பாரும், கொஞ்ச நாளைக்குப் பிட்டும் வேண்டாம், இடியப்பமும் வேண்டாம். பாணைச் சாப்பிட்டிட்டுப் படுப்பம். வீடு போச்சுதெண்டால் குழந்தையோடை எங்கை போறது?”

“ஒரு வீட்டை ஷெல்லடிக்கு விட்டிட்டு வந்தனான். இதைப் பூஞ்சணத்துக்கு விடமாட்டன்,” என்றேன்.

சொன்னேனே தவிர, பாணுக்கு நானும் சம்மதித்தேன். வீட்டை வைத்துக்கொள்ள வேண்டுமே. இரவில் பேக்கரிப் பாணும் சீஸும், சில நாள் பாணும் சம்பலும். நீத்துப்பெட்டியைக் கழுவி அலுமாரியின் மேலே ஏற்றி வைத்தேன். என் கணவர் வினாகிரியால் சுவரைத் துடைத்தார், வீடு முழுக்க ஊறுகாய்ப் போத்தல் மணம். பல்லைக் கடித்துக்கொண்டு தைப்பொங்கல் வரைக்கும் பொறுத்தேன். பொங்கலுக்கு மட்டும் ஒரு சின்னப் பானை பொங்கினேன், அதையும் குற்றவாளிபோல மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான்.

பிட்டு நின்றது. பூஞ்சணம் நிற்கவில்லை. துடைத்த இடத்தில் ஒரு கிழமைக்குள் திரும்பக் கறுப்புப் புள்ளி, அதுவும் யன்னலுக்கு மேல் மூலையில்தான் முதலில். அப்போதுதான் எனக்குள் ஏதோ திரும்பியது. நான் சமைக்காமல் இருந்தும் சுவர் நனைகிறதென்றால் முழுப் பழியையும் என் பானையின் தலையில் கட்ட ஏலாது. அப்படியென்றால் மீதிப் பழி யாருடையது?

படுக்கையறையில், அந்த யன்னலுக்குப் பக்கத்தில், எங்கள் மாதா படம் இருந்தது. காலையில் அதற்கு முன்னால் ஒரு ஊதுபத்தி கொளுத்துவது என் வழக்கம். அன்றும் கொளுத்திவிட்டுச் செபம் சொல்லிக்கொண்டிருந்தேன். புகை கொஞ்சத் தூரம் நேராக ஏறியது. பிறகு யாரோ ஊதியதுபோல மடங்கி அறைக்குள் ஓடியது. யன்னல் சாத்தியிருந்தது. சாத்தியது மட்டுமா, விளிம்பெல்லாம் ஒட்டுநாடா. செபத்தைப் பாதியில் விட்டேன், மாதா பொறுத்துக்கொள்வார். ஊதுபத்தியைக் கையில் எடுத்து யன்னலின் கீழ்விளிம்பில் பிடித்தேன். புகை அசையவில்லை. பக்கவாட்டில் பிடித்தேன். அசையவில்லை. கதிரையில் ஏறி மேலே பிடித்தேன். புகை சிதறி என் கண்ணுக்குள்ளேயே வந்தது.

அந்த நாட்டு யன்னல்களுக்கு வெளியே, இரவில் இறக்கிவிடும் ஒரு சுருள் கதவு உண்டு. பகலில் அதைச் சுருட்டி வைக்க யன்னலுக்கு மேலே சுவருக்குள் ஒரு மரப்பெட்டி இருக்கும். உட்புறம் ஒரு பலகை போட்டு, சுவரோடு சேர்த்து வண்ணம் பூசியிருப்பார்கள். அது பெட்டி என்றே நான் அதுவரை நினைக்கவில்லை. பலகையின் விளிம்பில் விரலை வைத்தேன். ஐஸ் காற்று. நாங்கள் கீழே நாடா ஒட்டி ஒட்டி வீட்டைப் பொதி கட்டிக்கொண்டிருக்க, தலைக்கு மேலே ஒரு வாசல் திறந்தபடி கிடந்திருக்கிறது. அந்த மூலையைக் காற்று குளிரவைக்கிறது. குளிர்ந்த இடத்தில் ஆவி தண்ணீராகிறது. பிட்டின் ஆவி மட்டுமல்ல, சூடில்லாத அறையில் மூன்று பேர் இரவு முழுக்க விடும் மூச்சும்தான்.

எனக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே போய் வீட்டுக்காரியின் மணியை அடித்தேன். இப்போதே மேலே வரவேண்டும் என்றேன். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

அவர் அறைக்குள் வந்ததும் முதலில் சொன்னது, இந்தப் புகை என்ன மணம் என்றுதான். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கதிரையில் ஏறி ஊதுபத்தியைப் பெட்டிக்கு நேரே பிடித்தேன். புகை திரும்பி அறைக்குள் பாய்ந்தது. அவரே பார்த்தார். கையை நீட்டி விளிம்பைத் தொட்டும் பார்த்தார். இந்தப் பெட்டி செத்துப்போன என் கணவர் தன் கையால் செய்தது, உங்களுக்கு முன்னர் இருந்தவர்கள் ஒரு குறையும் சொன்னதில்லை என்றார். அப்படிச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அவருடைய துக்கம் எனக்கு விளங்கியது. ஆனால் என் பிள்ளை அந்தச் சுவருக்குக் கீழேதான் படுத்தாள்.

எனக்குத் தெரிந்த ஜெர்மனை எல்லாம் ஒன்றாகக் கூட்டினேன். ஆவியை அறைக்குள் விட்டது எங்கள் பிழை, அதை நான் திருத்துகிறேன், பெட்டி உங்களுடையது, அதை நீங்கள் திருத்துங்கள் என்றேன். அவர், முதலில் யன்னலைத் திறந்து சமைக்கப் பழகுங்கள், சமைத்தால் லுஃப்டன் செய்ய வேண்டும், காற்றை மாற்ற வேண்டும், இங்கே சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும் என்றார்.

அதற்காகத்தான் நான் காத்திருந்தேன்போலும். வார்த்தை தடுக்காமல் வந்தது.

“யன்னலைச் சாத்தச் சொன்னது நீங்கள்தான். மணம் வரக்கூடாது என்றீர்கள். இப்போது பூஞ்சணம் வரக்கூடாது என்கிறீர்கள். மணமா, பூஞ்சணமா? இரண்டில் ஒன்றைத்தான் நான் தர முடியும்.”

அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். திரும்பிப் படியிறங்கிப் போனார். பின்னேரம் கணவரிடம் சொன்னபோது, இனி வீட்டை விட்டுப் போக மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று தலையில் கை வைத்தார்.

இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால், வீட்டுக்காரி ஒரு திருப்புளியோடும் ஏணியோடும் நின்றார். ஆளைக் கூப்பிடுவது வீண்செலவு, சாமானுக்குக் காசு நான் தருகிறேன், வேலையை நீங்களே செய்யுங்கள் என்றார். மன்னிப்பு என்ற சொல் அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது சுவர்.

என் கணவர் ஏணியில் ஏறிப் பலகையைக் கழற்றினார். உள்ளே ஒன்றுமே இல்லை. சுருட்டிய கதவும், அதற்குப் பின்னால் ஒரு கீறல் வெளிச்சமும்தான். அந்தக் கீறலால் தெரு தெரிந்தது. வீட்டுக்காரி கழற்றிய திருகாணிகளைத் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, கழுத்தை நிமிர்த்திக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நுரைப்பலகை வாங்கி வந்து, கதவு சுழல இடம் விட்டு, பெட்டியின் உட்பக்கம் எல்லாம் வெட்டி ஒட்டினோம். வெட்டியது என் மீன் கத்தியால். பலகையைத் திரும்பப் பூட்டி விளிம்பை அடைத்த பிறகு நான் இன்னொரு ஊதுபத்தி கொளுத்தினேன். புகை நேராக மேலே போனது. இந்த முறை வீட்டுக்காரி மணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மிச்சத்தை நானே செய்தேன். யன்னல் நாடாக்களை உரித்து எறிந்தேன். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்தேன். ஹைட்சுங்குக்குப் பின்னால், கோழி சுற்றும் வெள்ளித்தாளை மட்டையில் ஒட்டிச் செருகினேன், சூடு சுவருக்குள் போகாமல் அறைக்குத் திரும்பும். படுக்கையறைத் திருகை அளவாகத் திறந்து வைத்தேன், அதை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். ஒரு அறையை ஐஸ்பெட்டியாகவும் இன்னொன்றை அடுப்பாகவும் வைத்திருப்பதைவிட, எல்லா அறையும் ஒரு மாதிரிச் சூடாக இருந்தால் செலவு குறையும் என்று வீட்டுக்காரி சொன்னதையும் ஏற்றுக்கொண்டேன். சரியானதை யார் சொன்னாலும் எடுத்துக்கொள்வேன், அதற்கு எனக்கு வெட்கமில்லை. அடுத்த வருடக் கணக்கு வந்தபோது கட்ட ஒன்றும் இருக்கவில்லை, கொஞ்சம் திரும்பி வந்தது. வேறு வீடு பாருங்கள் என்ற கதையும் அதற்குப் பிறகு எழவில்லை. அக்கா வீட்டுக்கும் போய் அலுமாரியைத் தள்ளிப் பார்த்தோம், அங்கேயும் கறுப்பு. அவருக்கும் ஒரு கட்டு ஊதுபத்தி கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனால் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது யன்னல். குளிருக்குள் யன்னலை விரியத் திறப்பது பைத்தியக்காரத்தனம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். காலையில் அந்தத் தெருப் பெண்கள் பனிக்குள் யன்னலைத் திறந்து மெத்தையை உதறுவதைப் பார்த்துச் சிரித்தவள் நான். கொஞ்ச நேரம், ஆனால் அகலமாகத் திறந்தால் ஈரக் காற்று போய்விடும், சுவரும் தளபாடமும் சூட்டை வைத்திருக்கும், சாத்தியவுடன் அறை திரும்பச் சூடாகும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். தெரிந்தும் கை வரவில்லை. குளிர் அல்ல காரணம். மணம்தான். அந்த யன்னலைத் திறந்தால், இத்தனை நாள் நாங்கள் ஒளித்து வைத்த வீடு முழுக்கத் தெருவில் போய் நிற்கும்.

நீத்துப்பெட்டியை அலுமாரியின் மேலிருந்து இறக்கிய அன்று வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாவைக் குழைத்துக் கொத்தினேன், தேங்காய்ப்பூவைக் கலந்தேன். படுக்கையறைக் கதவைச் சாத்தினேன். இன்னொரு அடுப்பில் மீன்குழம்பு, ஞாயிற்றுக்கிழமை அல்ல, நடுக்கிழமை. பிட்டு அவிந்து ஆவி பொங்கி வரும்போது குசினி யன்னலின் பிடியைத் திருப்பி இரண்டு கதவையும் விரித்துத் திறந்துவிட்டேன். ஆவி வெள்ளையாக வெளியே பாய்ந்து பனிக்குள் போனது. அதோடு வெந்தயம் போனது, புளி போனது, கறிவேப்பிலை போனது. கீழே நாயோடு போன ஒருவர் நின்று மேலே பார்த்தார். முன்வீட்டில் ஒரு திரை அசைந்தது. அசையட்டும், பார்க்கட்டும் என்று யன்னலடியிலேயே நின்றேன். இது என் வீடு, இங்கே மனிதர் இருக்கிறோம், நாங்கள் சாப்பிடுகிறோம்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் வேலையால் வந்தார். தலையில் பனி. வாசலில் நின்றபடியே திறந்த யன்னலைப் பார்த்தார்.

“சந்தியிலையே மணக்குது,” என்றார்.

“அதுக்கு? சாத்தவோ?” என்று கேட்டேன்.

அவர் ஜாக்கெட்டைக் கழற்றினார். பழக்கத்தில் கை கதவுக்குப் பின்னால் தொங்கிய பிளாஸ்டிக் பைக்குப் போனது. பையின் வாயைத் தொட்டது, அப்படியே நின்றது. பிறகு பையை விட்டுவிட்டுக் குசினிக்குள் வந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையின் முதுகில் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு, அதிலேயே சாய்ந்து இருந்துகொண்டு, எனக்கும் ஒரு நீத்துப் பிட்டுப் போடும் என்றார்.